அத்தான் படித்துக்காட்டப்போகும் மின்மினிக் கதை

1

(அக்கா கேட்டதால் எழுதுகிற கதை இது. அவளுக்கு இப்போது கண் தெரியாது, அத்தான்தான் படித்துக்காட்டுவார். அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் அவருக்கும் உங்களுக்கும் மட்டும். அதை அவர் வாய்விட்டுப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

2

கோடையில் மின்மினிகள், வானத்து நட்சத்திரங்கள் தரையிறங்கியதைப் போல—

வேண்டாம். "இவன் ஆரம்பிச்சிட்டான்"னு அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

போன கோடையோடு பார்வை போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பின்பக்கத்து வேலியோரம் வருஷா வருஷம் வரும் மின்மினிகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றாள். இருட்டினால் அவளுக்கு அப்போதே வழி தெரியாது. அத்தான் எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, வாசலிலிருந்து வேலிவரை வயர் இழுத்து வரிசையாக விளக்கு நட்டுவிட்டார்.

"இனிமே தடுக்கி விழாம நடந்து போ, மகாராணி."

(மின்மினிகள் ஜோடி தேடுவது அந்த மினுக்கலை வைத்துத்தான். வெளிச்சத்தில் அது எடுபடாது. பூச்சி வருவதற்கு முன்பே தினமும் விளக்கை எரியவிட்டார் மனுஷன். விஷயம் புரிந்து அணைத்தபோது கோடை முடிந்திருந்தது.)

3

அந்தக் கோடையிலேயே ஒரு சாயங்காலம் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு வேலியருகே வந்து நின்றாள்.

"வந்திருக்கா?"

"வந்திருக்காவா! அதோ பாரு, செடி பூரா!" என்றார் அத்தான்.

அக்கா உற்றுப் பார்த்தாள். "அட, ஆமா! இங்க ஒண்ணு... அங்க ஒண்ணு..." கைகொட்டிச் சிரித்தாள்.

(வேலி காலி. எங்கள் மனசு நோகக்கூடாதென்று நடிக்கிறாள் என்றுதான் நானும் அத்தானும் நினைத்தோம்.)

4

(இங்கேயே முடித்திருக்கலாம். இல்லையென்றால் ஒரே ஒரு பூச்சியையாவது பறக்கவிட்டிருக்கலாம், எழுதுகிறவனுக்கு என்ன செலவு? ஆனால் அத்தான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அக்கா சொன்னாள்:

"இப்பவும் மின்னுதுடா. பட்டப்பகல்ல, கட்டில்ல படுத்திருக்கும்போதுகூட. அப்ப அன்னிக்கு நான் பாத்தது பூச்சியா, இல்ல என் கண்ணேதானா? அவர்கிட்ட கேட்டா சத்தியமே பண்ணுவார். நீ எழுது."

பார்வை போகும்போது கண்ணுக்குள் இப்படி மின்னும் என்று டாக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் நடிக்கவில்லை. தன் கண் அவிவதைப் பார்த்துத்தான் கைகொட்டியிருக்கிறாள். அதை நினைத்தால் எனக்குப் பேனா பிடிக்கவே வெறுப்பாக இருக்கிறது.)

5

(அத்தான், அடுத்த வரிக்கு அடைப்புக்குறி போட மனசு வரவில்லை. அவள் பக்கத்தில் காத்துக்கொண்டிருப்பாள். படிக்கலாம், கதை அவ்வளவுதான் என்று தாளை மடித்தும் வைக்கலாம். உங்கள் பாடு. இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை.)

அக்கா, அன்றைக்கு வேலியில் ஒரு மின்மினிகூட இல்லை.