மந்திரகோடியில் பலாப்பிசின்

அவறாச்சன் ஒரு கறையை உற்றுப் பார்த்தால் போதும், அது தானாகவே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும் என்று கேரளத்துப் பாலா ஊர் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியதில் முக்கால் பங்கு அவறாச்சனுடையது.

கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் குடுவை கழுவி ஓய்வு பெற்றவர் அவர். மீன்கறியின் குடம்புளிக் கறை, அலமாரியில் பேரன் ஒட்டிவிட்டுப் போன பொம்மைத் தாளின் பசை, மழை தொடங்கியதும் வெள்ளை வேட்டியில் கடுகு வெடித்ததுபோல் புள்ளி புள்ளியாகப் பூக்கும் கரிம்பன் என்ற பூஞ்சணம், எல்லாவற்றுக்கும் அவரிடம் மருந்து இருந்தது. ஒருமுறை பங்குச் சாமியாரின் அங்கியில் திராட்சை ரசம் கொட்டிவிட்டது. பிஷப் வருவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது அதை எடுத்துக் கொடுத்தார். சொல்லச் சொல்ல அந்த இருபது பத்தாகி, ஐந்தாகி, இப்போதெல்லாம் அவர் அந்தக் கதையைச் சொன்னால் பிஷப் ஒரு காலைக் கோயில் படியில் வைத்துவிடுகிறார்.

இப்படிப்பட்ட மனிதனோடு ஐம்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் பெண்ணம்மா. அந்த வீட்டில் ஈகூடக் காலைத் துடைத்துக்கொண்டுதான் உட்காரும். பெண்ணம்மா எதையும் பொருட்படுத்தியதில்லை, ஒன்றைத் தவிர. அது அவளுடைய மந்திரகோடி. மணமேடையில் அவறாச்சன் அவள் தலைமேல் போர்த்திய சந்தன நிறப் பட்டு. அதிலிருந்து உருவிய ஏழு நூலைத் திரித்துத்தான் அவள் கழுத்தில் மின்னு என்ற தாலியைக் கட்டினார்கள். அன்று சாயங்காலம் உடுத்தியது. அதோடு சரி.

மூத்தவனின் ஞானஸ்நானத்துக்கு உடுத்தட்டுமா என்று கேட்டாள். "பிள்ளை பால் கக்கும்டீ" என்றார். தங்கை கல்யாணத்துக்குக் கேட்டாள். "பந்தியில யாராவது பீஃப் வறுவலோட கையை வைப்பான்." மகள் கல்யாணத்துக்கும் கேட்டாள். "நீ அழுவே. கண்ணீர் பட்டா பட்டுல வட்டம் விழும். அடுத்த தடவை பாப்போம்." கண்ணீரைக்கூடக் கறைப் பட்டியலில் சேர்த்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

இந்த மே மாதக் கடைசி ஞாயிறு அவர்களுடைய பொன்விழாப் பூசை. இம்முறை பெண்ணம்மா கேட்கவில்லை, சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமை நான் மந்திரகோடிதான் உடுத்தப் போறேன், அச்சாயா."

"அடுத்த..." என்று அவர் வாயெடுத்தார்.

"எனக்கு அடுத்த தடவை சவப்பெட்டிக்குள்ளதான். அப்ப கறை பட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அதற்குள் அவள் கோயில் பங்கிலுள்ள எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள். பால் வாங்கப் போன இடத்தில், ஜெபக் கூட்டத்தில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட. எழுபத்திரண்டு வயதில் புதுப்பெண்போல் ஒரு வெட்கம் அவள் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தையற்காரியிடம் புது ரவிக்கை வாங்க அவள் கிளம்பினாள். "காலைல வெயில் காட்டி கட்டில்ல விரிச்சிருக்கேன். அந்த அறைப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"நான் பலாப்பழம் அறுக்கப் போறேன். உன் பட்டு எனக்கெதுக்கு?"

கிணற்றடிப் பலாவில் அந்தப் பருவத்தின் கடைசிப் பழம் அது. கன்றுக்குட்டி அளவு இருந்தது. அவறாச்சன் கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய் தடவி, சாக்கை விரித்து, அறுவை மருத்துவர்போல் அறுத்தார். சுளையெடுத்து முடித்ததும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். வெளிச்சத்தில் பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுப் பிசின் இல்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. இரண்டு நாளாக விட்டு விட்டு மழை தூறுகிறதே, பட்டில் கரிம்பன் ஏதும் பூத்திருந்தால்? பெண்ணம்மாவின் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலோரம் மண்டியிட்டார். விரல்களைப் பட்டின்மேல் படாமல் தூக்கிப் பிடித்தபடி, முழங்கையை ஊன்றிக் குனிந்து, ஜரிகையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. திருப்தியோடு எழுந்தார். புடவையும் கூடவே எழுந்தது.

முழங்கையை யார் கழுவுகிறார்கள்? பலாப்பழம் அறுக்கிற நாட்டில் கைக்கு எண்ணெய் தடவுவார்கள், கத்திக்குத் தடவுவார்கள், விவரமானவன் மீசைக்குக்கூடத் தடவுவான். முழங்கைக்குத் தடவியவன் இதுவரை பிறக்கவில்லை. மெல்லப் பிரித்துப் பார்த்தார். முந்தானை தோளில் விழும் இடத்தில், புளியங்கொட்டை அளவில், பழுப்பாக ஒரு பிசின்.

அந்த நேரத்தில் அவர் வாசலில் உட்கார்ந்து பெண்ணம்மாவுக்காகக் காத்திருந்திருக்கலாம். அதற்குப் பிறகு பல நாள் அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் பிஷப்பையே படியில் நிறுத்தி வைத்த கை அல்லவா, சும்மா இருக்குமா?

முதலில் தேங்காயெண்ணெய். பிசின் இளகியது, எண்ணெய் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. எண்ணெயை உறிஞ்ச அரிசி மாவு தூவினார். மாவும் பிசினும் சேர்ந்து அப்பத்துக்குக் கரைத்த பதத்துக்கு வந்தன. அதை எடுக்க மண்ணெண்ணெய். ஜரிகையின் பளபளப்பு இழவு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்ததுபோல் சுருங்கிவிட்டது. புளியங்கொட்டை இப்போது தட்டு அளவில் இருந்தது. தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது வளர்ந்தது. வெளியே ஆட்டோ வரும் சத்தமெல்லாம் பெண்ணம்மாவின் ஆட்டோவாகவே கேட்டது.

கடைசியில் குளியலறை மேல்தட்டிலிருந்து வெளுப்புத் திரவத்தை எடுத்து, ஒரு மூடி நிறைய ஊற்றிவிட்டார்.

பட்டு பருத்தி நூல்போல் அல்ல, புழுவின் உடம்பிலிருந்து வந்தது. வெளுப்புத் திரவம் பட்டால் கரைந்து போகும். இதை ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் விரலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவறாச்சன்தான். ஊற்றிய பிறகு நினைவு வந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் இடம் மஞ்சளாகி, வழவழப்பாகி, அவர் விரல் தொட்ட இடத்தில் கட்டில் விரிப்பின் பூப்போட்ட துணி தெரிந்தது.

பெண்ணம்மா ரவிக்கைப் பொட்டலத்தோடு வாசலில் நுழைந்தபோது அவர் நடுக்கூடத்தில் நின்றிருந்தார்.

"எடீ பெண்ணம்மே, ஒரு சங்கதி. மந்திரகோடியில கரிம்பன் அடிச்சிருக்கு."

அவள் நேராக உள்ளே போனாள். அறையில் மண்ணெண்ணெய் நாற்றமும் வெளுப்பு நாற்றமும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. ஓட்டையை ஒரு விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"மண்ணெண்ணெய் ஊத்தற கரிம்பனை நான் இப்பத்தான் பாக்கறேன், அச்சாயா. பலாப்பிசினா?"

தலையை ஆட்டினார்.

"எவ்வளவு இருந்துது?"

அவர் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

"இவ்வளவுதானா? ஒரு மடிப்பை உள்ள தள்ளிக் குத்தியிருப்பேனே. கறையோடயே உடுத்தியிருப்பேனே." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவறாச்சனுக்கு மூச்சு வந்திருக்கும்.

"நாளைக்கே கோட்டயம் போலாம்டீ. இதே மாதிரி, இதைவிட நல்லதா ஒண்ணு..."

"வேற யாரு தலையில போத்தறதுக்கு?" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை நீலப் புடவையும், அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத சந்தன நிறப் புது ரவிக்கையுமாகப் பெண்ணம்மா கோயிலுக்கு வந்தாள். பூசை முடிந்து மண்டபத்தில் பந்தி தொடங்கும் முன்பே பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள்.

"சேச்சி, மந்திரகோடி எங்கே?"

"கரிம்பன் அடிச்சுப் போச்சும்மா" என்றாள் பெண்ணம்மா. அடுத்தவளிடமும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளிடமும். நூறு பேர் கேட்டார்கள், நூறு பேருக்கும் ஒரே முகம், ஒரே சொல். ஒவ்வொரு தடவையும் அவறாச்சனின் தலை ஓரங்குலம் இறங்கியது.

பின்வரிசையில் இரண்டு பெண்களின் பேச்சு அவர் காதில் விழுந்தது.

"அவறாச்சன் சேட்டன் வீட்டுலயா கரிம்பன்?"

"அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? பெட்டியைத் திறந்து வெயில் காட்ட வேண்டியது பொம்பளை. ஐம்பது வருஷத்துல ஒரு துணியைப் பாத்துக்கத் தெரியல."

அவர் எழுந்தார். தட்டில் கட்லெட் அப்படியே கிடந்தது. மண்டபத்து மைக்கைச் சாமியார் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார்.

"கரிம்பன் இல்லை. பெண்ணம்மா மேல ஒரு தப்பும் இல்லை. நான்தான் பலாப்பிசினைப் பட்டுல ஒட்டினேன். நான்தான் வெளுப்புத் தண்ணி ஊத்தி ஓட்டை போட்டேன்."

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது.

"பட்டுல வெளுப்புத் தண்ணியா? அவறாச்சன் சேட்டனா? போங்க சேட்டா!" என்றார் பக்கத்து வீட்டுத் தோமாக்குட்டி, தூண் பக்கத்திலிருந்து. "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே!"

"சத்தியமாடா! இந்தக் கையாலதான்..."

சாமியார் அவர் தோளில் கைபோட்டு மைக்கை மெதுவாகத் திரும்ப வாங்கினார். "பார்த்தீங்களா? மனைவியோட குறையைத் தன் தலையில போட்டுக்கிறார். ஐம்பது வருஷம் வாழ்ந்தா இப்படி வாழணும்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்த கையோடு பெண்ணம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள், இப்பேர்ப்பட்டவனுக்கு இப்படி ஒருத்தியா என்பதுபோல.

வீடு திரும்பும் ஆட்டோவில் அவறாச்சன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு வீடு வீடாப் போய்ச் சொல்லிடறேன்டீ. ஓட்டையைக் கொண்டுபோய்க் காட்டறேன். தோமாக்குட்டி வீட்டுக்கு முதல்ல..."

பெண்ணம்மா மழையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிடித்தது அன்புக்கா, அந்தக் கை இனி எதையும் செய்துவிடக் கூடாதே என்பதற்கா, அவருக்குத் தெரியவில்லை.

"வேண்டாம், அச்சாயா" என்றாள். "இன்னும் தேய்க்காதீங்க."