நூற்று ஐம்பத்தெட்டுக்குக் கட்டமில்லை

1

சாட்சி சொல்ல வாருங்கள், வாசகப் பெருமக்களே! ஓர் அச்சிட்ட தாள் இழைக்கும் அநீதியை உங்கள் முன் வைக்கிறேன். சங்கரன்கோவிலில் பேசி முடித்து மேடையிறங்கிய எழுத்தாளன் என்னிடம் ஒரு செவிலி வந்து ‘158’ என்றொரு எண்ணைச் சொன்னாள். எண் அவள் தந்தது, ஞானபூரணம் என்ற பெயர் நான் இட்டது. ஆண்டு 1982.

2

ஞானபூரணம் பேரழகி… (அடித்துவிட்டேன். அவள் அழகு இங்கே எவருக்கு வேண்டும்?)

வெளியூர்க்காரி. வாடகை அறையில் அவளோடு பேச எவருமில்லை. இரத்த அழுத்தக் கணக்கெடுப்புக்காகப் பகலெல்லாம் பிறர் கையைத் தொடுவதே அவளுக்கு வாய்த்த உறவு.

அன்று வள்ளித்தாயின் கையில் பட்டையைச் சுற்றினாள். கணவனைப் பக்கவாதத்துக்குப் பறிகொடுத்து, தனியே தறி நெய்பவள் வள்ளித்தாய். பாதரசம் 158இல் நின்றது. படிவத்திலோ இரண்டே கட்டங்கள்: 160 முதல் ‘உண்டு’, அதற்குக் கீழ் ‘இல்லை’. ‘உண்டு’ என்போருக்கே மாத்திரை.

“ரெண்டுதான கொறையுது நர்சம்மா? செத்த நேரம் எம் மருமவள நெனச்சுக்கிடுதேன். மறுபடியும் அமுக்கிப் பாருங்க.”

ஞானபூரணம் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணியதும் சிரிப்பு நின்றது.

3

(கதை சற்றே நிற்கட்டும்.) ஆபத்து மதிலன்று, மேடு. 120, 130, 140 என்று எண் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. 158ஐயும் 110ஐயும் ஒரே கட்டத்தில் அடைத்து, 160ஐ மட்டும் பிரித்து வைத்தது எந்த அறிவு?

உடன் பணியாற்றும் வேல்சாமி, எந்த அளவையும் பக்கத்துப் பத்துக்கு மாற்றியே எழுதுபவர்.

“பாதரசம் என்ன ஒங்க வீட்டுச் சொத்தாம்மா? நூத்தி அறுவதுன்னு போட்டுட்டுப் போங்க!”

“நூத்தி அம்பத்திநாலு வந்தா என்ன போடுவிய?”

“நூத்தி அம்பது.”

“அப்ப அவ சாவட்டுமா, அண்ணாச்சி?”



4

முதல் முடிவு: அவள் 160 என்றே எழுதினாள். (கூடாது. ஒருத்திக்காகச் சொன்ன பொய் ஊருக்கான அநீதியை மூடிவிடும்.)

இரண்டாம் முடிவு: ‘இல்லை’யில் குறியிட்டாள். அறைக்குத் திரும்பி, தன் கையிலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டு, யாரும் கேட்காத தன் எண்ணை உரக்க… (எழுத முடியவில்லை.)

நடந்தது இதுதான்: இரு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, ஓரத்தில் 158 என்றெழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். ‘குறியில்லை, திங்கட்கிழமைக்குள் நிரப்புக’ என்று தாள் திரும்பி வந்துவிட்டது. வள்ளித்தாய்க்கு இன்னும் மாத்திரை இல்லை.

இதற்கு மேல் என்னிடம் முடிவு கேளாதீர்கள். திங்கட்கிழமைக்கு முன் சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள், நூறு பேர், ஆயிரம் பேர் எழுதுங்கள்: எண்ணுக்கு ஓர் இடம் கொடு, அந்த எண்ணைப் பார்த்து மருந்து கொடு என்று! அதுவரை உங்கள் வாசலுக்கு வரும் எந்தத் தாளிலும், எந்தக் கட்டத்திலும், குறியிட விடாதீர்கள்!