சிவப்புத் தொப்பி என் தலைக்கு வரும்வரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு அக்காதான் காரணம். "நீ வீட்ல சும்மாதானே எழுதிட்டிருக்க, வாலுவ நீச்சல் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போயேன்" என்றாள். 'சும்மா எழுதுபவன்' என்ற பட்டத்தோடு, ஒரு கையில் மடிக்கணினி, மறு கையில் அக்கா மகள் என்று கிளம்பினேன். வாலுவுக்கு ஆறு வயது. பெயர்க்காரணம் கேட்காதீர்கள், பார்த்தாலே தெரியும்.

அக்காவின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. அடுத்த மாதம் அவர்கள் குடிபோகும் வீட்டில் பின்கதவைத் திறந்தால் கால்வாய். [வேலி போடப்போகிறார்கள். வாலு வேலியை ஏணி என்று நினைப்பவள்.]

2

குளக்கரையில் உட்கார்ந்ததும் முதல் வரி வந்துவிட்டது:

'ஐயோ, காப்பாத்துங்க!' என்ற குழந்தையின் அலறல் குளத்தையே உலுக்

பின்னால் சிரிப்பு. நீச்சல் கோச், தலையைத் துவட்டியபடி என் திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கத்தாது சார்" என்றார்.

"எது மேடம்?"

"மூழ்குற குழந்தை. மூச்சு விடவே வாய் போதாது, இதுல கத்துறது எங்க? பக்கத்துலயே நின்னாலும் சத்தம் கேக்காது. கண்ணால பாத்தாத்தான் உண்டு."

போச்சு, நல்ல வரி! சத்தமே இல்லாத காட்சியை எப்படி எழுதுவது? 'குளம் அமைதியாக இருந்தது' என்று எழுதினேன். எழுதியதும் நிமிர்ந்து வாலுவைத் தேடினேன். கரையில் நின்று யாருடைய நீச்சல் கண்ணாடியையோ நக்கிக்கொண்டிருந்தாள்.

3

இங்கே ஒரு வழக்கம். கரையில் உட்காரும் பெரியவர்களில் ஒருவர் தலையில் எப்போதும் சிவப்புத் தொப்பி இருக்கும். போட்டவருக்கு போன் கிடையாது, அரட்டை கிடையாது, கண் தண்ணீரைவிட்டு நகரக்கூடாது. அடுத்தவர் தலையில் வைத்த பிறகுதான் அவருக்கு விடுதலை. "எல்லாரும் பாத்துக்குவாங்கன்னு எல்லாரும் நினைச்சா, ஒருத்தரும் பாக்கலன்னு அர்த்தம்" என்பார் கோச்.

[போன வாரம் ஒரு தையல்காரர், வகுப்பு முடிந்தும் தொப்பியைக் கழற்ற மறந்து, பஸ்ஸில் எல்லாரையும் முறைத்துக்கொண்டே போனாராம்.]

4

கதாபாத்திரத்தில் ஒரு சிக்கல். நான் எழுதத் தொடங்கிய சிறுமி தண்ணீரைக் கண்டாலே நடுங்குவாள். அசல் வாலுவுக்குப் பயம் என்ற சமாச்சாரமே கிடையாது. அதுதான் எங்களுக்குப் பயம்.

வகுப்பு முடிவில் வைக்கும் பரீட்சை இதுதான்: பள்ளிச் சீருடை, காலணியோடு தண்ணீரில் விழ வேண்டும். புரண்டு மல்லாந்து, அசையாமல் மிதந்து, மூச்சு விட வேண்டும். விழுவதில் அவள் கெட்டிக்காரி. சும்மா கிடக்கத்தான் வராது.

"வாயை மூடிட்டு அசையாம படு, கண்ணு."

"அசையாமத்தான் மிஸ் இருக்கேன், ஆனா அந்த அங்கிள் தொப்பி கோண..."

களக். கோச் கை கொடுத்துத் தூக்குவார். மேலே வந்ததும் வாக்கியத்தை முடிப்பாள்: "...கோணலா இருக்கு!"

5

முடிவுகள் கைவசம் உண்டு.

ஒன்று: மிதக்கிறாள், அக்கா அழுகிறாள், ஊரே கைதட்டுகிறது. (ரொம்ப ஓவர்.)

இன்னொன்று: பேசுகிறாள், களக், நாளைக்கு மறுபடி வகுப்பு. (பரவாயில்லை. நாளை என்று ஒன்று இருக்கிறதே.)

மூன்றாவது, அந்தப் பின்கதவு திறந்திருக்க, கால்வாய் அமைதியாக

மாட்டேன். இதை எழுத எனக்குக் கை வராது.

6

"சார், உங்க முறை." தையல்காரர் தொப்பியை நீட்டுகிறார்.

இன்றுதான் பரீட்சை. வாலு சீருடையில் விளிம்பில் நிற்கிறாள்.

"மாமா, பாக்குறியா?"

"பாக்குறேன்டா."

"பொய்! எழுதிட்டிருக்க!"

பிடித்துவிட்டாள். சரி, முடிவு உங்கள் பொறுப்பு. ஆனால் நீங்கள் இதைப் படிக்கும் இடத்தில் பக்கத்தில் தண்ணீரும் ஒரு குழந்தையும் இருந்தால், முடிவும் வேண்டாம், கதையும் வேண்டாம், முதலில் நிமிர்ந்து பாருங்கள்.

கோச் தண்ணீரில் இறங்கிக் கையை உயர்த்திவிட்டார். வாலு, பிறந்ததிலிருந்து முதன்முறையாக, வாயை இறுக மூடிக்கொள்கிறாள். தொப்பி என் தலைக்கு வந்துவிட்டது. அவள் குதி