பன்னிரண்டு எம்.எம். கட்டர்

பக்கவாதம் வந்து நாலு மாதம் கழித்து, குழந்தைசாமி மைசூரில் தன் வழக்கமான டூல்ஸ் கடைப் படியேறினார். வலது கை தூக்க வருகிறது, மடக்க வருகிறது. "மதமதப்பெல்லாம் போயே போச்சு" என்று வீட்டில் அவர் சொன்னதை மனைவி மோலி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம். இப்போது கூடவே வந்திருந்தாள். இன்றைக்குப் புது கட்டரும் காலெட்டும் வாங்கிவிட்டால் திங்கட்கிழமை ஹெப்பாள் பட்டறையில் மில்லிங் மெஷினை ஓட்டலாம். அந்த ஆசையில்தான் மனிதர் இத்தனை நாள் முகம் சுளிக்காமல் கஞ்சி குடித்தார்.

கடைக்கார விஜய்குமார் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "வாங்கண்ணா. ஆராம்தானே, உடம்பு தேவலையா?"

"ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் தம்பி. முதல்ல காலெட்டைக் காட்டு."

காலெட் என்பது கட்டரைச் சுற்றி இறுகப் பிடிக்கிற, பிளவு பிளவான எஃகு வளையம். அது தேய்ந்தால் கட்டர் நழுவும், செய்த வேலை அத்தனையும் பாழ். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கி உள்ளே பார்த்தார். ஒன்றில் பிளவு சீராக இல்லை என்று ஒதுக்கினார். விஜய்குமாரும் வாங்கிப் பார்த்து, "ஹௌது, சரியாத்தான் சொல்றீங்க" என்றான். மோலிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

அடுத்து, இரும்பைச் சீவுகிற பன்னிரண்டு எம்.எம். கட்டர். அதன் கூர்மையை அவர் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. வலது கட்டைவிரலால் விளிம்பை லேசாக வருடுவார், சொன்னால் சொன்னதுதான். வருடினார்.

"மொக்கை."

விஜய்குமார் வேறொன்று கொடுத்தான். அதை அழுத்தியே தேய்த்தார்.

"இதுவும் மொக்கை. ஏன் தம்பி, எனக்கே பழசை பாலிஷ் போட்டுக் குடுக்கறியா?"

விஜய்குமார் மேஜையையே பார்த்தான். கண்ணாடி மேஜை மேல் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்துகொண்டிருந்தது. குழந்தைசாமி அடுத்த கட்டருக்காகக் கையை நீட்டியபடி நின்றார்.

மோலி பாய்ந்து விரலை முந்தானையில் சுற்றினாள். சதை ஆழமாகக் கிழிந்திருந்தது. ஒரு 'ஆ' சொல்லக் கூடாதா இந்த மனுஷன், ஒரே ஒரு 'ஆ' என்று அவள் நெஞ்சு வெடித்தது.

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார்.

"நல்ல கட்டர்தான் தம்பி. கோவிச்சுக்காதே. எல்லாத்தையும் எடுத்து உள்ளே வெச்சிரு."

மோலி அழுதுகொண்டே அந்த விரலை இன்னும் இறுக்கினாள், தன் பலம் கொண்ட மட்டும். அவருக்கு அதுவும் தெரியவில்லை.