நிற்கச் சொல்ல மறந்த ஐடா

அந்தச் சனிக்கிழமை ஐடாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெங்களூரில் அவள் டைப்பிஸ்டாக இருந்த ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, ஆசைப்பட்டவர்களுக்கு அசெம்பிளி மொழி கற்றுக்கொடுத்தார்கள். எடு, கூட்டு, வை, தாவு என்று அந்த யந்திரத்துக்குப் புரிகிற துக்கடாக் கட்டளைகள். இனி மனுஷர் எழுதுகிற மாதிரி கணக்கை எழுதினால் போதுமாம். அதைக் கட்டளைகளாக மாற்றித்தர கம்பைலர் என்றொரு புரோகிராமை எழுதப்போகிறார்கள். அந்தக் குழுவில் ஓர் இடம் காலி. திங்கட்கிழமை ஐடாவின் புரோகிராம் சரியாக ஓடினால் இடம் அவளுக்கு. இல்லையென்றால் பழையபடி டைப் அடிக்க வேண்டியதுதான்.

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டை வீட்டில் அண்ணன் வால்டர் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தான். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியடிக்கிறவன், வம்புக்கென்றே பிறந்தவன்.

"நான்தான் உன் மிஷின். இன்னா சொன்னாலும் செய்வேன். சொல்லாதத செய்யமாட்டேன்."

ஐடா கிண்ணங்களை வரிசையாக வைத்து மொச்சை போட்டாள். எல்லாக் கிண்ணத்து மொச்சையையும் கூட்டுவதுதான் புரோகிராம். அவள் தாளைப் பார்த்து 'அடுத்த கிண்ணத்தை எடு, கூட்டு, மறுபடி மேலே தாவு' என்று படிக்கப் படிக்க வால்டர் ஒவ்வொரு கிண்ணமாகத் தன் தட்டில் கவிழ்த்தான். மொச்சை தீர்ந்தது. அடுத்து அம்மா சாரா வைத்திருந்த தயிர். அதையும் கவிழ்த்தான். பிறகு ரசம். கை ஊறுகாய் ஜாடிக்கு நீண்டது.

"ஏசப்பா! இவனுக்கு இன்னா கேடு?" சாரா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"நிறுத்துண்ணா! மொச்சதான் தீந்துடுச்சே!"

"நிறுத்துன்னு எங்க எழுதிக்கீற? காட்டு."

தாளில் எங்கும் இல்லை. தங்கவயலில் பிறந்தவளுக்கு அது எப்படித் தோன்றும்? சங்கு ஊதினால் ஷிப்ட் முடியும், பள்ளிக்கூடம் கலையும், உலை ஏறும். யாரும் யாரையும் நிறுத்தச் சொல்லி அவள் பார்த்ததில்லை. பெங்களூர் யந்திரத்துக்கு எந்தச் சங்கு கேட்கும்? ஐடா பென்சிலை எடுத்தாள். 'கிண்ணம் மிச்சம் உண்டா பார், இல்லையென்றால் நில்' என்று சேர்த்து மறுபடி படித்தாள். இம்முறை ஊறுகாய் தப்பித்தது.

திங்கட்கிழமை யந்திரத்தின் விளக்குகள் படபடத்து, சட்டென்று அடங்கின.

"ஐயோ, நின்னுபோச்சே! கெட்டுடுச்சா?" கூடப் படித்த கோதண்டராமன் பதறினான்.

"கெடல. நிக்கச் சொன்னேன், நின்னுது."

அச்சாகி வந்த விடை சரியாக இருந்தது. "நாளைலேருந்து கம்பைலர் குழுவுக்கு வந்துடும்மா" என்றார் அதிகாரி.

எங்கிருந்து கிளம்பினாலும் "போய்ட்டு வரேன்" என்றே சொல்லிப் பழகிய ஐடா, அன்று மாலை டைப்ரைட்டருக்கு உறையை மாட்டிவிட்டு, கூசாமல் சொன்னாள்:

"போறேன்."