ஐஸில் போன தோல்

என் தம்பி ஷகீலுக்கு மீனைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. வேறு எதுவும் தெரியாது.

என் வீட்டுக்காரர் பீர் மைதீனுக்கு ஆறு மாதமாக உடம்பு முழுக்கச் சிவந்து, செதில் செதிலாக உதிர்கிறது. பாயைத் தட்டினால் ஒரு கை அள்ளலாம். சொரியாசிஸா, தோலில் வருகிற புற்றுநோயா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், தெரியாமல் மருந்து கொடுத்தால் ஆளுக்கே ஆபத்து என்றார் காரைக்கால் டாக்டரம்மா சந்திரலேகா. முதுகு, தொடை, வயிறு என்று மூன்று துண்டு எடுத்துச் சின்னப் பாட்டிலில் போட்டு, தஞ்சாவூர் லேபில் கொடுக்கச் சொன்னார். புத்தி கெட்டுப்போய் நான் ஷகீலிடம் கொடுத்தனுப்பினேன்.

சதை கெடாமலிருக்கப் பாட்டிலில் ஊற்றியிருந்த மருந்துக்குப் பார்மலின் என்று பேர் எழுதியிருந்ததாம். நம்ம துரை ஷகீலுக்கு ரோஷம் வந்துவிட்டது. மீனில் பார்மலின் கலக்கிறான் என்று போன வருஷம் எவனோ இவன் கடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் போட்டதிலிருந்து அந்தப் பேரே ஆகாது. மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, துண்டுகளை ஐஸில் புதைத்துக் கொண்டுபோயிருக்கிறான், வஞ்சிரம் மாதிரி.

"லாத்தா, ஃப்ரெஷ்ஷா கொண்டுபோய்க் குடுத்தேன்!" என்றான் பெருமையாக.

"அட அறிவுகெட்டவனே! உன் மச்சான் என்ன ஏலத்துக்கு வந்த மீனாடா?"

சதை உறைந்து சிதைந்துவிட்டது, பார்க்க முடியாது என்று லேபில் எழுதிவிட்டார்கள். மறுபடி மூன்று இடத்தில் வெட்டு. இந்த முறை பாட்டிலை நானே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ரிப்போர்ட் வரும்வரை ஷகீலைக் கண்டபோதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ரிப்போர்ட்டை டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். "இதுலயும் தெளிவா ஒண்ணும் தெரியலைங்க. ஸ்டீராய்டு களிம்பு ஏதும் பூசினீங்களா? நிறுத்தச் சொன்னேனே. பூசினா நோயோட அடையாளமே மறைஞ்சிடும்."

ஆமாம் என்று தலையாட்டினேன். மகன் அஃப்ரித் துபாயிலிருந்து அனுப்பிய ட்யூப். மனுஷர் அரிப்பில் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், டாக்டர் கிடக்கிறாள், அவளுக்கென்ன தெரியும் என்று தினமும் நான்தான் பூசினேன்.

பக்கத்தில் நின்ற ஷகீல் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பாவி.

"களிம்பை நிறுத்திட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க. திரும்ப எடுக்கணும்."

"அதுக்குள்ள, புத்துநோயா இருந்துச்சுன்னா?" என்றேன்.

டாக்டரம்மா சீட்டில் அடுத்த தேதியை எழுதினார். திரும்ப எடுக்கணும் என்றது மட்டும் காதில் விழுந்து, இன்றைக்கே வெட்டப்போகிறார்கள் என்று நினைத்து, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.