குதிரை வம்சம்

எங்கள் வீட்டில் அந்தக் காவியத்துக்குப் பெயர் கிடையாது. 'புத்தகம்' என்றாலே அதுதான். மூன்று பாகம், மூன்றும் தலையணை கனம். நாடு கடத்தப்பட்ட ராணி, பேசும் ஆறு, உப்பு மலைக்கு அடியில் தூங்கும் பூதம் என்று என்னென்னவோ வரும். நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா அதைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வைத்துவிட்டார். அம்மா வந்தபோது அலமாரியில் அவளுக்கு மிச்சமிருந்தது கீழ்த்தட்டு மட்டும்தான்.

அந்தப் புத்தகத்தைச் சுருக்கும் வேலை, ஊரில் வேறு ஆளே இல்லாதது போல, எனக்கு வந்து சேர்ந்தது. நான் ஒரு பதிப்பகத்தில் எடிட்டர். எழுதியவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மறுபதிப்பை இரண்டு விதமாகப் போடலாம் என்று எங்கள் முதலாளிக்கு யோசனை உதித்தது. பழசை விட மாட்டேன் என்பவர்களுக்கு முழுப் பதிப்பு, நேரமில்லாதவர்களுக்குச் சுருக்கப் பதிப்பு. முதல் பாகத்தை வெளியிட்டுப் பார்ப்பது, எடுபட்டால் மற்ற இரண்டு. சுருக்கப் பதிப்பின் அட்டையில் என் பெயரும் வரும். அறிவிப்பு வெளியான அன்று அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

நிறுத்தினார் என்றால் அடியோடு. போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள். "அப்பா பக்கத்துலதான் இருக்காரு. நீ எப்படி இருக்கேன்னு அவர் கேக்கல, நானாத்தான் கேக்கறேன்" என்பாள். எனக்கே தலை நரைக்க ஆரம்பித்த வயதில், பெற்ற அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லையே என்று அழுவது கொஞ்சம் கேவலம்தான். நான் அழுதேன்.

இத்தனைக்கும் நான் வெட்டியது வீம்புக்காக இல்லை. முதல் பாகத்தின் நடுவில் குதிரை வம்சம் என்று ஒரு பகுதி வரும். ராணியின் குதிரை எந்தக் குதிரைக்குப் பிறந்தது, அது எந்தக் குதிரைக்குப் பிறந்தது என்று பக்கம் பக்கமாகப் போகும். கடைசியில் அந்தக் குதிரை அடுத்த அத்தியாயத்திலேயே செத்துவிடும். அதை எடுத்துவிட்டு இரண்டே பத்தியில் குதிரையையும் ராணியையும் சேர்த்து வைத்தேன். என் வேலையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். இதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

இரண்டே நாளில், வாசகர்கள் கருத்துச் சொல்லும் இணையதளத்தில், 'அளவுகோல்' என்ற புனைபெயரில் ஒருவர் சுருக்கப் பதிப்புக்கு ஒற்றை நட்சத்திரம் குத்தியிருந்தார். புத்தகம் அப்போது அச்சுக்கே போகவில்லை. "குதிரை வம்சத்தையே எடுத்துவிட்டார்களாம். உயிரை எடுத்த பிறகு உடம்பு எதற்கு? இவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தது யார்?" என்று கேட்டிருந்தார். கொடுத்ததே அவர்தான், என் அப்பா. நாலாம் வகுப்பில், கைவேலைப் பாடத்துக்கு.

புத்தகம் வந்தது. வருவதற்கு முன் முதலாளி ஒரு காரியம் செய்தார். சுருக்கிய புத்தகம் ஒல்லியாக இருந்தால் காவியம் என்று யார் நம்புவார்கள் என்பது அவர் கவலை. அதனால் அதற்குத் தடித்த தாளும், முழுப் பதிப்புக்கு மெல்லிய தாளும் போட்டார். இரண்டும் அடுக்கி வைத்தால் அண்ணன் தம்பி போல ஒரே உயரம், ஒரே பருமன். அந்தப் பெருமையில் மனுஷர் ஒரு வாரம் மிதந்தார். எனக்கு வந்த பிரதிகளை நான் திறக்கவே இல்லை. அந்தப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தி அலுத்துப் போயிருந்தேன்.

கருத்துகளை மட்டும் விடாமல் படித்தேன். புண்ணைச் சொறியும் சுகம் அது. என் பதிப்பை வாசகர்கள் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். நடையில் ஓட்டமே இல்லை, மூலத்தின் மூச்சு போய்விட்டது, படிக்கப் படிக்கக் கொட்டாவி. முழுப் பதிப்புக்கோ பாராட்டு மழை. எவ்வளவு கச்சிதம், ஒரு சொல்லை எடுக்க முடியுமா, அந்தக் காலத்து எழுத்து என்றால் சும்மாவா.

பிறகு ஒருவர் ஆதாரத்தோடு வந்தார். "'கருஞ்சாம்பல் ஈன்றது வெண்பிடரி, வெண்பிடரி ஈன்றது மென்காது' என்று ஒரு முழுப் பக்கம். மூல ஆசிரியர் இப்படி எழுதுவாரா? வெட்டிய இடத்தை அடைக்க இந்த அம்மையார் தன் சொந்தச் சரக்கை இறக்கியிருக்கிறார்."

வெண்பிடரியையும் மென்காதையும் நான் ஒரு மழைநாளில் ரசித்து ரசித்து வெட்டியிருந்தேன். பெட்டியைப் பிரித்து என் பெயர் போட்ட புத்தகத்தைத் திறந்தேன். குதிரைகள் ஒன்று விடாமல் உள்ளே நின்றன. முழுப் பதிப்பைத் திறந்தேன். அதற்குள் இருந்தது என்னுடைய இரண்டு பத்தி. ஒரே பருமனாக இருந்த இரண்டுக்கும் பைண்டிங்கில் அட்டையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

முதலாளியின் மேஜையில் இரண்டையும் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்த அச்சுல சரி பண்ணிக்கலாம்மா. இப்ப எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

"திட்டறவங்க கூடவா சார்?"

"அவங்கதான் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிரதிகளையும் பையில் போட்டுக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். ஜன்னலோர நாற்காலியில் முழுப் பதிப்பும் அவருமாக இருந்தார். பாதிக்கு மேல் தாண்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பி அம்மாவிடம் பேசினார்.

"உன் பொண்ணுகிட்ட சொல்லு. எழுத்துன்னா இது. ரெண்டு நாளா கீழ வைக்க முடியல."

"முன்னாடி படிக்கறப்ப எவ்வளவு நாள் ஆச்சுன்னு கேளும்மா" என்றேன்.

"மழைக்காலம் முழுக்க ஆகும். அப்ப எனக்கு அவ்வளவு பக்குவம் இல்லன்னு சொல்லு."

"நீங்க ரெண்டு பேரும் நேரா பேசித் தொலைங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்ற அம்மா, அடுப்புப் பக்கமே போகாமல் கதவருகில் நின்றுகொண்டாள்.

நான் சொன்னேன். அட்டை, தாள், பைண்டிங் எல்லாம். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை நம்பவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"சரிப்பா, குதிரை வம்சத்தைத் தாண்டிட்டீங்கல்ல. அத எடுங்க, பாக்கலாம்."

எடுத்த எடுப்பில் காட்டிவிடுபவர் போலப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். விரல் என் இரண்டு பத்தியின் மேல் வந்து நின்றது. பிறகு எழுந்து அலமாரியிலிருந்து தன் பழைய பிரதியை எடுத்து வந்தார். முதுகில் டேப் ஒட்டியது, ஓரமெல்லாம் பழுப்பேறி, தொட்டால் துணி போல மெத்தென்று இருக்கும். குதிரை வம்சம் வந்ததும் தாள்கள் திறக்க மறுத்தன. பைண்டிங்கில் ஓரம் வெட்டுப்படாமல், மடிப்பு மடிப்பாக அப்படியே சேர்ந்திருந்தன; கத்தியால் அறுத்தால்தான் படிக்க முடியும். உள்ளே தாள் புத்தம் புதுசாக வெளுத்துக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு கத்தியும் போகவில்லை, ஒரு கண்ணும் போகவில்லை.

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாதான் முதலில் சிரித்தாள்.

"இதுக்காடா என் பொண்ணுகூடப் பேசாம இருந்தே" என்றாள். அவள் அப்பாவை 'டா' போட்டு நான் கேட்டது அன்றுதான்.

அப்பா இரண்டு புதுப் பிரதிகளையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்போதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, இந்த வழக்கில் ஜெயித்து என்ன பிரயோஜனம் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு வார்த்தை இல்லாத அப்பாவைத்தான் திரும்பவும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் 'அளவுகோல்' தன் கருத்துகளைத் திருத்தியிருந்தார். என் பெயர் போட்ட பதிப்புக்கு ஐந்து நட்சத்திரம்: "அவசரப்பட்டுக் குறை சொன்னேன். நேரில் சரிபார்த்ததில் ஒரு வரிகூட வெட்டப்படவில்லை. சுருக்கியவரின் நேர்மை போற்றத்தக்கது." முழுப் பதிப்புக்கு ஒற்றை நட்சத்திரம்: "குதிரை வம்சம் இல்லை. வாங்க வேண்டாம்."

நான் சிரித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அம்மா எண்தான்.

"சொல்லும்மா."

"நான்தான்" என்றார் அப்பா.

அவர் கனைத்துக்கொண்டார். பின்னால் அம்மா, "பேசுங்க, கடிக்க மாட்டா" என்பது கேட்டது.

"குதிரை செத்ததுக்கு அப்புறம் ராணி தனியா நடந்து போற இடம். அங்கதான் இப்ப இருக்கேன்" என்றார்.

"அந்த ஒத்த நட்சத்திரப் புத்தகத்துலயாப்பா?"

"ஆமா." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "ரெண்டாம் பாகத்துல ஆத்துப் பாட்டு ஒண்ணு வருமே."

"வருது."

"அது நீளம்."

"எவ்வளவு நீளம்ப்பா?"

வாழ்நாள் முழுக்கச் சங்கிலி பிடித்து ஊரை அளந்தவர் யோசித்தார்.

"அளந்து பாத்ததில்ல" என்றார்.